தனிமங்களின் அணு நிறை ஒப்பீடு – வைகை அணை நீரை எடுத்துக்காட்டாகக் கொண்டு

ஒரு தனிமத்தின் அணு மற்றொரு தனிமத்தின் அணுவைப் போல எத்தனை மடங்கு கனமானது என்று கணக்கிடுவதே அணு நிறை ஒப்பீடு ஆகும். ஆக்சிஜனின் அணு நிறை 16 என்றால் 16 கிராம் என்றோ 16 மில்லிகிராம் என்றோ பொருளல்ல. கார்பன்-12 என்னும் அணுவின் நிறையை 12 என்று வைத்துக்கொண்டால், அதே அளவுகோலில் ஆக்சிஜன் அணுவின் நிறை ஏறத்தாழ 16 என்பதே பொருள். அணு நிறைகள் அனைத்தும் ஒப்பீட்டு எண்கள். எனவேதான் பாடநூல்கள் இதனை ஒப்பு அணு நிறை என்று அழைக்கின்றன.

இந்த எண்களை மனப்பாடம் செய்வது எளிது. அவற்றை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். நிறை விகிதம் வேறு, எண்ணிக்கை விகிதம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதினால் தேர்வில் மதிப்பெண் குறையும். உரக் கணக்கிலும் குடிநீர் ஆய்விலும் அதே பிழை நேர்ந்தால் பணமும் உடல்நலமும் பாதிக்கப்படும். தேனி மாவட்டம் ஆண்டிபட்டிக்கு அருகில் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையையும், அதற்கு நீர் வந்து சேரும் கம்பம் பள்ளத்தாக்கையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

அளவுகோல் உருவான விதம்

ஓர் அணுவைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. ஹைட்ரஜன் அணு ஒன்றின் நிறை ஏறத்தாழ 1.67 × 10⁻²⁴ கிராம். அதாவது தசமப்புள்ளிக்குப் பின் 23 சுழியங்களைக் கடந்த பிறகே முதல் இலக்கம் வரும். இவ்வளவு சிறிய எண்களைக் கொண்டு கணக்குப் போடுவதைவிட, ஓர் அணுவை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவது எளிது.

இந்த முறையைத் தொடங்கியவர் ஆங்கிலேய ஆசிரியர் ஜான் டால்டன். மிக லேசான ஹைட்ரஜனை அவர் 1 என்று கொண்டார். நீரில் ஓர் ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன என்று கருதியதால், 1808-இல் வெளியான அவரது நூலில் ஆக்சிஜனின் அணு நிறை 7 என்று இடம்பெற்றது. நீரில் ஆக்சிஜனின் நிறை ஹைட்ரஜனின் நிறையைப் போல 8 மடங்கு. அக்காலத்துச் சோதனைகளில் அது 7 என்ற அளவில் கிடைத்தது. சோதனையில் நேர்ந்த பிழை சிறியது. எண்ணிக்கையைப் பற்றிய அனுமானமே பெரிய பிழை. ஓர் ஆக்சிஜனுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்று தெரிந்திருந்தால் 8 என்பது 16 ஆகியிருக்கும்.

ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் இத்தாலியரான அவகாட்ரோ கூறினார். இக்கருத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கவனிக்கப்படவில்லை. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது, கனிசாரோ என்ற மற்றோர் இத்தாலியர் இதன் அடிப்படையில் அணு நிறைகளை ஒழுங்குபடுத்தும் வழியை எடுத்துரைத்தார். அந்தச் சீரான அணு நிறைகள் கிடைத்த பிறகுதான், 1869-இல் மெண்டலீவ் தனிம வரிசை அட்டவணையை அமைக்க முடிந்தது.

பின்னர் ஆக்சிஜனை 16 என்று கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. ஆனால் வேதியியலாளர்கள் இயற்கையில் கிடைக்கும் ஆக்சிஜன் கலவையையும், இயற்பியலாளர்கள் ஆக்சிஜன்-16 ஐசோடோப்பை மட்டும் 16 என்று கொண்டனர். இரு அளவுகோல்களுக்கும் சிறு வேறுபாடு இருந்தது. 1961-ஆம் ஆண்டு முதல் இரு தரப்பினரும் கார்பன்-12 அணுவை மிகச் சரியாக 12 என்று ஏற்றுக்கொண்டனர். அதன் பன்னிரண்டில் ஒரு பங்கே ஓர் அணு நிறை அலகு. இதற்கு டால்டன் என்ற பெயரும் உண்டு.

அணை வட்டாரத்தில் காணப்படும் தனிமங்கள்

வைகை அணையைச் சுற்றியுள்ள நீர், காற்று, பாறை, வயல் ஆகியவற்றில் காணப்படும் சில தனிமங்களின் அணு நிறைகள் கீழே தரப்பட்டுள்ளன. ஒப்பீட்டிற்காகக் கடைசியில் இரண்டு கனமான தனிமங்களும் சேர்க்கப்பட்டுள்ளன.

| தனிமம் | அணு எண் | ஒப்பு அணு நிறை | காணப்படும் இடம் |
|---|---|---|---|
| ஹைட்ரஜன் | 1 | 1.008 | நீர் |
| கார்பன் | 6 | 12.011 | பயிர், மரம், உயிரினங்கள் |
| நைட்ரஜன் | 7 | 14.007 | காற்று, யூரியா |
| ஆக்சிஜன் | 8 | 15.999 | நீர், காற்று, பாறை |
| சோடியம் | 11 | 22.990 | நீரில் கரைந்த உப்பு |
| அலுமினியம் | 13 | 26.982 | களிமண் |
| சிலிக்கான் | 14 | 28.085 | மணல், பாறை |
| பாஸ்பரஸ் | 15 | 30.974 | டி.ஏ.பி. உரம் |
| கந்தகம் | 16 | 32.06 | மயில்துத்தம் |
| குளோரின் | 17 | 35.45 | குடிநீர்ச் சுத்திகரிப்பு |
| ஆர்கான் | 18 | 39.95 | காற்று |
| பொட்டாசியம் | 19 | 39.098 | பொட்டாஷ் உரம், பாறை |
| கால்சியம் | 20 | 40.078 | சிமெண்ட், சுண்ணாம்பு |
| இரும்பு | 26 | 55.845 | மதகுக் கதவுகள் |
| தாமிரம் | 29 | 63.546 | மயில்துத்தம் |
| துத்தநாகம் | 30 | 65.38 | துத்தநாக சல்பேட் |
| காரீயம் | 82 | 207.2 | ஒப்பீட்டிற்கு |
| யுரேனியம் | 92 | 238.03 | ஒப்பீட்டிற்கு |

இந்த அட்டவணையிலிருந்து சில உறவுகளை நேரடியாகக் காணலாம். ஒரு சிலிக்கான் அணு இரண்டு நைட்ரஜன் அணுக்களின் நிறையை ஏறத்தாழ ஒத்திருக்கிறது. ஓர் இரும்பு அணு ஏறத்தாழ இரண்டு சிலிக்கான் அணுக்களுக்குச் சமம். ஒரு யுரேனியம் அணு ஹைட்ரஜன் அணுவைப் போல ஏறத்தாழ 236 மடங்கு கனமானது.

ஹைட்ரஜனைத் தவிர்த்துவிட்டால், கால்சியம் வரையிலான தனிமங்களின் அணு நிறை அவற்றின் அணு எண்ணைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்கிறது. புரோட்டான்களின் எண்ணிக்கையும் நியூட்ரான்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய சமமாக இருப்பதே காரணம். கனமான தனிமங்களில் நியூட்ரான்களின் பங்கு கூடுகிறது. இரும்பில் இந்த விகிதம் 2.15; காரீயத்தில் 2.53. புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கும். அவற்றின் எண்ணிக்கை கூடக் கூட, அணுக்கரு சிதையாமல் இருக்கக் கூடுதலான நியூட்ரான்கள் தேவைப்படுகின்றன.

நிறை விகிதமும் எண்ணிக்கை விகிதமும்

ஒரு திராட்சைப் பழம் 5 கிராம், ஓர் எலுமிச்சம்பழம் 40 கிராம் என்று கொள்வோம். எலுமிச்சை 8 மடங்கு கனம். எனவே 5 கிலோ திராட்சையையும் 40 கிலோ எலுமிச்சையையும் நிறுத்து எடுத்தால், எண்ணிப் பார்க்காமலே இரண்டிலும் ஆயிரம் பழங்கள் என்று சொல்லிவிடலாம். அணு நிறையின் பயனும் இதுவே. எண்ண முடியாத அணுக்களை நிறுத்து எண்ண அது வழிசெய்கிறது.

12 கிராம் கார்பன்-12, 56 கிராம் இரும்பு, 207 கிராம் காரீயம் ஆகிய மூன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான்: 6.022 × 10²³. இதுவே அவகாட்ரோ எண். இத்தனை துகள்களைக் கொண்ட அளவு ஒரு மோல் எனப்படும்.

இதை அணை நீருக்குப் பொருத்திப் பார்க்கலாம். அணைகளின் கொள்ளளவைச் சொல்லும்போது செய்தித்தாள்களில் வரும் டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடியைக் குறிக்கும். ஒரு டி.எம்.சி. நீர் ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். அதன் நிறை ஏறத்தாழ 283 லட்சம் டன்.

ஒரு நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன.

ஹைட்ரஜனின் பங்கு: 2 × 1.008 = 2.016
ஆக்சிஜனின் பங்கு: 15.999
மூலக்கூறு நிறை: 18.015

ஹைட்ரஜனின் நிறைச் சதவீதம்: 2.016 ÷ 18.015 × 100 = 11.19
ஆக்சிஜனின் நிறைச் சதவீதம்: 88.81

ஆகவே ஒரு டி.எம்.சி. நீரில் ஏறத்தாழ 32 லட்சம் டன் ஹைட்ரஜனும் 251 லட்சம் டன் ஆக்சிஜனும் இருக்கின்றன. எடையில் பார்த்தால் ஹைட்ரஜன் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே. எண்ணிக்கையில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ரஜன் அணுக்களே. இரண்டு கூற்றுகளும் சரி. எந்த விகிதத்தைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாமல் "நீரில் ஹைட்ரஜன் அதிகமா, ஆக்சிஜன் அதிகமா?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இல்லை.

அணு நிறை முழு எண்ணாக இல்லாதது ஏன்?

ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே நிறை உடையவை அல்ல. புரோட்டான் எண்ணிக்கை சமமாக இருந்து, நியூட்ரான் எண்ணிக்கை மாறுபடும் அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். அட்டவணையில் உள்ள எண், இயற்கையில் அவை கலந்திருக்கும் விகிதப்படி கணக்கிட்ட சராசரி. குளோரினில் ஏறத்தாழ 75.8 சதவீதம் குளோரின்-35, எஞ்சிய 24.2 சதவீதம் குளோரின்-37. சராசரி 35.45. ஆனால் 35.45 நிறையுள்ள ஒரு தனிக் குளோரின் அணு எங்குமே கிடையாது. ஒரு குடும்பத்திற்குச் சராசரியாக இரண்டரைக் குழந்தைகள் என்று சொல்வதைப் போன்றதுதான் இதுவும்.

கார்பன்-12 மிகச் சரியாக 12 என்றாலும், இயற்கையில் ஏறத்தாழ 1.1 சதவீதம் கார்பன்-13 கலந்திருப்பதால் கார்பனின் அணு நிறை 12.011 ஆகிறது.

வேறொரு காரணமும் உண்டு. அணுக்கரு உருவாகும்போது நிறையில் ஒரு சிறு பகுதி ஆற்றலாக வெளியேறிவிடுகிறது. நான்கு ஹைட்ரஜன்-1 அணுக்களின் நிறை 4.031, ஒரு ஹீலியம்-4 அணுவின் நிறை 4.003. குறையும் 0.7 சதவீதமே சூரியன் தரும் ஆற்றலுக்கு மூலம்.

அணை நீரில் கனமான ஹைட்ரஜன்

ஹைட்ரஜனுக்கு டியூட்டீரியம் என்ற கனமான ஐசோடோப்பு உண்டு. இதை 1931-இல் அமெரிக்கரான ஹரால்டு யூரி கண்டறிந்தார். இதன் நிறை 2.014. அதாவது சாதாரண ஹைட்ரஜனைப் போல இரு மடங்கு. வேறெந்தத் தனிமத்தின் நிலையான ஐசோடோப்புகளுக்கு இடையிலும் இவ்வளவு பெரிய மடங்கு வேறுபாடு கிடையாது.

கடல் நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியம். மழை நீரிலும் ஆற்று நீரிலும் பொதுவாக இது சற்றுக் குறைவு. இந்த விகிதத்தில் பார்த்தால் ஒரு டி.எம்.சி. நீரில் ஆயிரம் டன் அளவுக்கு டியூட்டீரியம் கலந்திருக்கிறது. இரண்டு டியூட்டீரியமும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்தது கனநீர். இதன் மூலக்கூறு நிறை 20.03. கனநீர் ஏறத்தாழ 3.8 டிகிரி செல்சியசில் உறையும், 101.4 டிகிரியில் கொதிக்கும். வேதிப்பண்புகள் ஒத்திருப்பதால் அதைச் சாதாரண நீரிலிருந்து பிரிப்பது கடினம், செலவும் அதிகம். தூத்துக்குடியில் அணுசக்தித் துறை கனநீர் ஆலை ஒன்றை அமைத்தது. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளும் கனநீரைப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தவை. கூடங்குளம் உலைகளோ சாதாரண நீரையே பயன்படுத்துகின்றன.

கோடையில் அணை நீர் ஆவியாகும்போது, 18 நிறையுள்ள சாதாரண மூலக்கூறுகள் சற்று எளிதாக வெளியேறுகின்றன. டியூட்டீரியம் கொண்ட 19 நிறையுள்ள மூலக்கூறுகளும், ஆக்சிஜன்-18 கொண்ட 20 நிறையுள்ள மூலக்கூறுகளும் சற்று அதிகமாகத் தங்கிவிடுகின்றன. ஆகவே வெயிலில் நெடுநாள் தேங்கிய நீருக்கும் புதிதாகப் பெய்த மழை நீருக்கும் ஐசோடோப்பு விகிதத்தில் வேறுபாடு ஏற்படுகிறது. இதை அளந்து, ஒரு கிணற்று நீர் அணைக்கசிவிலிருந்து வந்ததா, மழையிலிருந்து வந்ததா என்று நீரியல் அறிஞர்கள் கண்டறிகிறார்கள். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய ஆய்வுகளைச் செய்துவருகிறது.

நீரின் மூலத்தைப் பொறுத்து சராசரி மாறுவதால், பன்னாட்டு வேதியியல் அமைப்பு ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் போன்ற சில தனிமங்களுக்கு அணு நிறையை ஒரே எண்ணாகத் தராமல் ஒரு வரம்பாகத் தருகிறது. ஹைட்ரஜனுக்கு அந்த வரம்பு 1.00784 முதல் 1.00811 வரை. பள்ளிக் கணக்குகளுக்கு 1.008 போதுமானது.

ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது

நீராவி சேர்ந்தால் காற்று கனமாகும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அணு நிறைகளைக் கூட்டிப் பார்த்தால் உண்மை இதற்கு நேர்மாறானது.

நைட்ரஜன் மூலக்கூறு: 28.01
ஆக்சிஜன் மூலக்கூறு: 32.00
ஆர்கான்: 39.95
உலர்ந்த காற்றின் சராசரி: 28.97
நீராவி மூலக்கூறு: 18.02

அவகாட்ரோ கூறியபடி, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒரு குறிப்பிட்ட பருமனில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாது. ஒரு நீராவி மூலக்கூறு உள்ளே வந்தால், அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய நைட்ரஜனோ ஆக்சிஜனோ அங்கே இல்லை. நூற்றுக்கு மூன்று மூலக்கூறுகள் நீராவியாக இருந்தால் சராசரி 28.64 ஆகக் குறைகிறது. அணையின் மேற்பரப்பிலிருந்து ஈரக்காற்று மேலெழ இந்த வேறுபாடும் துணைசெய்கிறது. மேகத்தில் கண்ணுக்குத் தெரிவது நீராவி அல்ல. குளிர்ந்து திரண்ட நுண்துளிகள். அவற்றுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.

அணு நிறையும் அடர்த்தியும் ஒன்றல்ல

2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைக் குறைக்கத் தெர்மாகோல் அட்டைகள் மிதக்கவிடப்பட்டதும், காற்றில் அவை கரை ஒதுங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த அட்டை ஏன் மிதந்தது என்பது நல்ல பாடம்.

தெர்மாகோல் என்பது நுரைத்த பாலிஸ்டைரின். அதில் கார்பனும் ஹைட்ரஜனும் சம எண்ணிக்கையில் உள்ளன. எடையில் 92 சதவீதம் கார்பன். கார்பன் அணு ஆக்சிஜன் அணுவைவிட லேசானது. அதனால்தான் அது மிதக்கிறது என்று விடை எழுதினால் தவறு. நுரைக்காத, கெட்டியான பாலிஸ்டைரின் துண்டு அதே அணுக்களால் ஆனது. அதன் அடர்த்தி நீரைவிடச் சற்று அதிகம், நீரில் மூழ்கிவிடும். தெர்மாகோலின் பருமனில் பெரும்பகுதி காற்று என்பதாலேயே அது மிதக்கிறது.

அடர்த்தி என்பது ஓர் அணுவின் நிறையை மட்டும் பொறுத்ததல்ல. அணுக்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் பொறுத்தது. காரீயத்தின் அணு நிறை 207, தங்கத்தினுடையது 197. ஆனால் தங்கத்தின் அடர்த்தி 19.3, காரீயத்தின் அடர்த்தி 11.3. பொட்டாசியம் அணு சோடியம் அணுவைவிடக் கனமானது. அடர்த்தியிலோ பொட்டாசியம் 0.86, சோடியம் 0.97.

வரிசையைத் தீர்மானிப்பது அணு எண்ணே

மேலே உள்ள அட்டவணையில் ஆர்கானின் அணு நிறை 39.95, அடுத்துவரும் பொட்டாசியத்தின் அணு நிறை 39.098. நிறைப்படி அடுக்கினால் பொட்டாசியம் முன்னால் வந்து மந்த வாயுக்களின் வரிசையில் அமர்ந்துவிடும். அது பொருந்தாது. கோபால்ட் 58.933, நிக்கல் 58.693, டெல்லூரியம் 127.60, அயோடின் 126.90 ஆகிய இணைகளிலும் இதே நிலை உள்ளது.

1913-இல் மோஸ்லி என்ற இளம் ஆங்கிலேய இயற்பியலாளர், எக்ஸ் கதிர் சோதனைகள் மூலம் தனிமத்தின் இடத்தை அணு எண்ணே தீர்மானிக்கிறது என்று காட்டினார். ஆர்கான் கனமாக இருப்பதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி ஆர்கான்-40 ஆக இருப்பது. பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 கதிரியக்கத்தால் சிதைந்து ஆர்கான்-40 ஆகிறது. நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள ஆர்கானில் பெரும்பங்கு, பல கோடி ஆண்டுகளாகப் பாறைகளிலிருந்து இவ்வாறு வந்ததே.

உர மூட்டையில் உள்ள எண்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் நெல், வாழை, திராட்சை பயிரிடுவோர் வாங்கும் உர மூட்டையின் மேல் எழுதியிருக்கும் சதவீதங்கள் அனைத்தும் அணு நிறைக் கணக்கிலிருந்து வந்தவை.

*யூரியா:* ஒரு மூலக்கூறில் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். மூலக்கூறு நிறை 60.06. நைட்ரஜனின் பங்கு 28.01. ஆகவே தூய யூரியாவில் 46.6 சதவீதம் நைட்ரஜன். மூட்டையில் 46 என்று இருக்கும். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. இதே அளவு தழைச்சத்தை 20.5 சதவீத அம்மோனியம் சல்பேட்டிலிருந்து பெற ஏறத்தாழ 101 கிலோ வேண்டும். மூட்டையின் விலையை மட்டும் ஒப்பிடாமல், ஒரு கிலோ சத்தின் விலையை ஒப்பிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

*டி.ஏ.பி.:* மூட்டையில் 18-46 என்று இருக்கும். 18 என்பது நைட்ரஜன் சதவீதம். ஆனால் 46 என்பது பாஸ்பரஸ் சதவீதம் அல்ல. பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட சதவீதம். அந்த ஆக்சைடின் நிறை 141.94, அதில் இரண்டு பாஸ்பரஸ் அணுக்களின் பங்கு 61.95. எனவே உண்மையான பாஸ்பரஸ் 46 × 61.95 ÷ 141.94, அதாவது ஏறத்தாழ 20 சதவீதம். 50 கிலோ மூட்டையில் 10 கிலோ.

*பொட்டாஷ்:* 60 என்பது பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்டது. பொட்டாசியம் மட்டும் என்றால் ஏறத்தாழ 50 சதவீதம்.

உரப் பரிந்துரையும் மூட்டையும் இரண்டுமே ஆக்சைடு கணக்கில் இருந்தால் குழப்பமில்லை. பரிந்துரை "பாஸ்பரஸ் 20 கிலோ" என்று தனிமக் கணக்கில் இருந்து, மூட்டையிலுள்ள 46-ஐ அப்படியே வைத்து வகுத்தால், தேவையானதில் பாதிக்கும் குறைவாகவே மணிச்சத்து பயிருக்குப் போய்ச் சேரும்.

*துத்தநாக சல்பேட்:* கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஏழு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட படிகத்தில் 21 சதவீதமும், ஒரு நீர் மூலக்கூறு கொண்டதில் 33 சதவீதமும் துத்தநாகம் இருக்கும். முதல் வகையில் 25 கிலோ இடவேண்டிய இடத்தில் இரண்டாவது வகையில் 16 கிலோ போதும். படிகத்தில் உள்ள நீருக்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம்.

*மயில்துத்தம்:* திராட்சைத் தோட்டத்தில் போர்டோ கலவை தயாரிக்கப் பயன்படும் நீலப் படிகம். அதன் நிறை 249.7. இதில் தாமிரம் 63.5, ஐந்து நீர் மூலக்கூறுகள் 90.1. எனவே ஒரு கிலோ மயில்துத்தத்தில் 254 கிராம் தாமிரமும், கையில் ஈரம் ஒட்டாமலே 361 கிராம் நீரும் இருக்கின்றன.

குடிநீர் ஆய்வு அறிக்கையில் அணு நிறை

உரத்தின் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் கலக்கக்கூடும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அமெரிக்காவில் வரம்பு 10 மில்லிகிராம். அங்கே நான்கரை மடங்கு கடுமை என்று தோன்றும். உண்மையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இந்திய எண் நைட்ரேட் அயனி முழுவதையும் குறிக்கிறது; அமெரிக்க எண் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் குறிக்கிறது.

நைட்ரேட் அயனி: 14.007 + (3 × 15.999) = 62.00
விகிதம்: 62.00 ÷ 14.007 = 4.43
10 × 4.43 = 44.3

ஒரு கிணற்று நீர் அறிக்கையில் 12 என்று இருப்பதாகக் கொள்வோம். அது நைட்ரேட் என்றால் வரம்புக்குள் நன்றாக அடங்குகிறது. "நைட்ரேட் நைட்ரஜன்" என்றால் அது 53 மில்லிகிராம் நைட்ரேட்டுக்குச் சமம், வரம்பைத் தாண்டிவிட்டது. அத்தகைய நீரில் பால் மாவு கலந்து கைக்குழந்தைக்குக் கொடுத்தால், இரத்தம் ஆக்சிஜனை எடுத்துச்செல்லும் திறன் குறையும் அபாயம் உண்டு. கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது. நீர் குறைவதால் செறிவு கூடும். ஆகவே எண்ணைப் படிக்கும் முன் அது எதன் நிறை என்று பார்க்க வேண்டும்.

நீரின் கடினத்தன்மையிலும் இதே நிலைதான். அது கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்படுகிறது. 40 மில்லிகிராம் கால்சியம் 100 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. அணு நிறை என்பது கார்பன்-12 அணுவோடு ஒப்பிட்ட எண். அதற்குக் கிராம் என்ற அலகு கிடையாது. அதே எண்ணைக் கிராமில் எடுத்தால் அது ஒரு மோல் அணுக்களின் நிறை.
2. ஒரே எடையில் லேசான தனிமத்தின் அணுக்களே எண்ணிக்கையில் அதிகம். ஒரு கிலோ இரும்பில் உள்ளதைப் போல ஏறத்தாழ 55 மடங்கு அணுக்கள் ஒரு கிலோ ஹைட்ரஜனில் உள்ளன.
3. நிறை எண் ஒரு தனி அணுவுக்கு உரியது. எப்போதும் முழு எண். அட்டவணையில் உள்ள அணு நிறை ஐசோடோப்புகளின் சராசரி.
4. கனமான அணு என்றால் அடர்த்தியான பொருள் என்று பொருளல்ல.
5. சதவீதம் கொடுக்கப்பட்டால் அது தனிமத்தினுடையதா, ஆக்சைடினுடையதா, அயனியினுடையதா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

பயிற்சிக் கணக்குகள்

1. ஒரு லிட்டர் நீரில் எத்தனை நீர் மூலக்கூறுகள் உள்ளன? (நீரின் நிறை 1,000 கிராம் எனக் கொள்க.)
2. கனநீரில் ஆக்சிஜனின் நிறைச் சதவீதம் என்ன? சாதாரண நீரைவிட அது குறைவது ஏன்?
3. ஒரு விவசாயிக்கு 41.4 கிலோ தழைச்சத்து தேவை. 45 கிலோ யூரியா மூட்டைகள் எத்தனை வாங்க வேண்டும்?
4. ஓர் அறிக்கையில் நைட்ரேட் நைட்ரஜன் 8 மில்லிகிராம் என்று உள்ளது. இந்திய வரம்புக்குள் இருக்கிறதா?

*விடைகள்:* (1) 1,000 ÷ 18.015 = 55.5 மோல், ஏறத்தாழ 3.34 × 10²⁵ மூலக்கூறுகள். (2) ஏறத்தாழ 79.9 சதவீதம், ஆக்சிஜனின் நிறை மாறாமல் ஹைட்ரஜன் பகுதியின் நிறை இரு மடங்காவதால். (3) இரண்டு மூட்டைகள். (4) 8 × 4.43 = 35.4 மில்லிகிராம் நைட்ரேட், வரம்புக்குள் இருக்கிறது.